காலை எடுத்தா நின்னுருதுங்க

"ஹலோ... ஹலோ, சாருங்களா? நான் அறிவுச்செல்வி பேசறேனுங்க சார். வண்டி நடு ரோட்டுல நின்னுபோச்சுங்க. சேந்தமங்கலம் தாண்டி வந்துட்டேன், இன்னைக்குன்னு பாத்து இப்படி ஆயிப்போச்சு... ஹலோ? கேக்குதுங்களா சார்?... யாருங்க பேசறது?..."

அந்தப் பக்கத்துக் குரல் ஏதோ சொன்னது.

"ஓ."

அறிவுச்செல்வி போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். வக்கீல் பெயர்தான் இருந்தது. குரல்தான் வேறு. அவளுடைய புருஷன் குணசீலனின் குரல். ஒன்றரை வருஷமாக அவள் காதில் விழாத குரல். இன்று நாமக்கல் கோர்ட்டில் இருவரும் ஜட்ஜ் முன்னால் நின்று, நாங்கள் மனமொத்துப் பிரிகிறோம் என்று சொல்ல வேண்டிய நாள். அதற்குப் பிறகு இந்தக் குரலோடு பேச வேண்டிய அவசியமே இருக்காது என்று நினைத்துத்தான் காலையில் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

"சாரு எங்கீங்க?... உள்ளயா. போனை உங்ககிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாரா. சரி. சரிங்க... நல்லாத்தான் இருக்கேன்... ம்... நம்ம கேஸு எப்பக் கூப்புடுவாங்களாமா?... இன்னும் ரெண்டு கேஸு இருக்குதா. சரி... ஆமாங்க, ஆமா, தனியாத்தான் வந்தேன். எங்கப்பன் வாரேன்னுதான் சொன்னாரு, நாந்தான் வேண்டாம்னுட்டேன்... பஸ்ஸு இருக்குது, இல்லீன்னு சொல்லுல. போயிட்டும் வந்துட்டுந்தான் இருக்குது. ஆனா வண்டிய இன்னைக்கு உங்ககிட்ட உடோணும்னுதான பேச்சு? வண்டியப் புளியமரத்தடியில போட்டுட்டு வந்து வெறும் சாவியக் கையில குடுக்கச் சொல்றீங்களா?"

பேச்சு என்னவோ அப்படித்தான் முடிந்திருந்தது. நகை அவளுக்கு, கார் அவனுக்கு. கார் என்று சொன்னால் கேட்பவர்கள் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் பழசான சின்ன வெள்ளைக் கார் அது, கார்பரேட்டர் காலத்து வண்டி. கல்யாணமான புதிதில் யாரோ வேண்டாமென்று தள்ளியதை வாங்கிவந்து, என்ஜினைப் பிரித்துப் பரப்பிப் போட்டு, மறுபடி பூட்டி ஓட வைத்தவன் குணசீலன். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதில்தான்.

"என்னத்தச் சொல்றது... காலை எடுத்தா நின்னுருதுங்க... ஆக்சிலேட்டர்ல இருந்து. அழுத்திப் புடிச்சுட்டே இருந்தா நல்லா ஓடுது. நாமகிரிப்பேட்டையில இருந்து ராசிபுரம் வரைக்கும் ஒண்ணுமே தெரியில. பேளுக்குறிச்சியில ஒரு ஸ்பீடு பிரேக்கரு. காலை எடுத்தனா, கடகடன்னு ஆட்டம் போட்டுச்சு, பொசுக்குன்னு நின்னுபோச்சு. மறுக்கா ஸ்டார்ட் பண்ணுனா ஆகுது. காலை எடுத்தா மறுக்கா நிக்குது. அப்படியே அழுத்திட்டே, உறுமிட்டே இங்க வரைக்கும் வந்துட்டேன். ரோட்டுல போறவங்கல்லாம் ஒரு மாதிரி பாக்கறாங்க... பெட்ரோல் இருக்குதுங்க, நேத்துத்தான் போட்டேன். முள்ளு பாதியில நிக்குது... சூடா? இல்லீங்க, சூடும் ஏறுல... ஆமாங்க. ஆமா, ஆமா... ஹலோ?"

பின்னால் கோர்ட்டு வளாகத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"லைன்ல இருக்கீங்களா?... சொல்லுங்க, என்ன பண்றது... மெக்கானிக்கா? சேந்தமங்கலத்துல யாருங்க மெக்கானிக்கு?... சரி, அந்தாளு வந்து பாக்கட்டும், அது இருக்கட்டும். என்னவா இருக்கும்னு நீங்க சொல்லுங்க... என்னங்க?... நேர்ல பாத்தாத்தான் தெரியுமா?"

அவள் சிரித்துவிட்டாள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை.

"நீங்களா பேசறது? இல்ல, வேற யாராச்சும் உங்க கொரல்ல பேசறாங்களா?"

அவள் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. குணசீலன் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு மெக்கானிக். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த லாரிகள் இங்கிருந்து கிளம்பினால் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்பும். அதில் போகிற ஆம்பிளைகள் வீட்டில் குடித்தனம் நடத்துவதைவிடப் போனில் நடத்துவதுதான் அதிகம். குணசீலன் ராய்ப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஆறேழு வண்டிகளைப் போனிலேயே பார்த்துக்கொண்டான். எங்கோ காட்டுக்குள் கம்ப்ரசர் மக்கர் செய்தால், போனை அதன் பக்கத்தில் வைக்கச் சொல்வான். ஒரு நிமிஷம் காது கொடுப்பான். இன்ன வால்வு, இன்ன பெல்ட்டு என்று சொல்லிவிடுவான். சொன்னால் அதுவாகத்தான் இருக்கும். போன் டாக்டர் என்றே அவனுக்குப் பெயர். வீட்டுக்கும் அவன்தான் டாக்டர். மிக்சி சுற்றவில்லை, தோட்டத்து மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை, மாமனாருக்கு முழங்கால் வலி, எதுவானாலும் அறிவுச்செல்வி போனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைப்பாள். அவளுக்கு அதில் பெருமை வேறு.

"ராய்ப்பூர்ல இருந்துட்டே கம்ப்ரசர் சத்தத்தக் கேட்டுச் சொன்னவருக்கு, பக்கத்து ஊருல நிக்கற சொந்த வண்டி தெரியாதுங்களா... எப்ப இருந்து?... ரிக்குக்கே போறதில்லீங்களா?... ஓ... யாரு போன் பண்ணுனாலும் சொல்றதில்லையா... பட்டறையா? எங்க போட்டிருக்கீங்க?... ராசிபுரத்துலயா. எந்தப் பக்கம்?... இப்பத்தானுங்க அந்த வழியா வந்தேன். ஒரு அரை மணி நேரங்கூட இருக்காது. கட்டைய வெச்சு அடைச்சுக் கெடந்த பட்டறை ஒண்ணப் பாத்தேன், அதுவா... தெரியாதுங்க. எங்கிட்ட யாரும் சொல்லுல... எப்ப இருந்துன்னு கேட்டேன்."

இந்த முறை அவன் பதில் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எப்போதிருந்து என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும்.

"சரி. சரிங்க... உடுங்க... இல்ல, அழுகுல. தூசிங்க. கோழித்தீவன லாரி ஒண்ணு போச்சு... என்னது? நீங்க வாரீங்களா?... எங்க, இங்கயா?"

அவள் சாய்ந்திருந்த கார்க் கதவை விட்டு நிமிர்ந்து நின்றாள்.

"இப்ப வாரேங்கறீங்க."

"..."

"வண்டி நின்னுபோச்சுன்னதும் பைக்க எடுத்துட்டு அரை மணி நேரத்துல வாரேங்கறீங்க. வண்டிக்குன்னா வாரீங்க. எம்பட புள்ளைக்கு வரத் தெரியிலீங்களே உங்களுக்கு... தெரியுமுங்க, ராய்ப்பூரு தூரம், தெரியும், தெரியும். பறந்தா வர முடியும். நான் வரச் சொல்லலியே அன்னைக்கு. எனக்குத் தெரியிலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னாப் போதும். இப்பச் சொல்றீங்கள்ல, நேர்ல பாத்தாத்தான் தெரியும்னு, இத அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா... அவளத் தூக்கிப் பின்னாடி சீட்டுல போட்டுட்டு இதே வண்டியில சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். இதே வண்டிங்க. வாசல்ல சும்மாத்தான் நின்னுது."

மகள் கனிஷ்கா அப்போது இரண்டாம் வகுப்பு. காய்ச்சல் வந்து படுத்த பிள்ளை, மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அவன் போனைப் பிள்ளையின் நெஞ்சில் வைக்கச் சொன்னான். அறிவுச்செல்வி வைத்தாள். வெறும் சளிக் காய்ச்சல்தான், பயப்பட வேண்டியதில்லை என்று அவன் தீர்த்துச் சொன்னான். அவன் காது அதுவரை பொய் சொன்னதில்லை. அவளும் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். டெங்கு என்று பெரிய டாக்டர் சொன்னபோது பிள்ளை வலி தெரியும் நிலையைத் தாண்டிவிட்டிருந்தாள். பிள்ளையின் காரியமெல்லாம் முடிந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தைகூடத் திட்டிக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை ஒரே வீட்டில் இருந்திருப்பார்கள். ஒரு நாள் அவள் துணிமணியை இதே காரில் போட்டுக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா... ஆமாங்க, நின்னுபோச்சு... இல்லீங்க, நீங்க போங்க, எங்க ஊட்டுக்காரருகிட்டத்தான் பேசிட்டிருக்கேன். அவரு சொல்லுவாரு."

மொபெட்டில் பால் கேனோடு நின்று விசாரித்தவர் தலையாட்டிவிட்டுப் போனார். வாய் தவறி என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கமும் அது கேட்டிருக்கும்.

"வேற என்னன்னு சொல்றதுங்க அவருகிட்ட... ம்... சரி. உடுங்க."

கொல்லிமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. ரோட்டோர மரவள்ளிக் காட்டில் யாரோ களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பப் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"நீங்க வர வேண்டாங்க. நீங்க இங்க வாரதுக்குள்ள அங்க நம்ம கேஸக் கூப்புட்டுருவாங்க. ரெண்டு பேரும் இல்லீன்னா நல்லாவா இருக்கும். நீங்க போன்லயே சொல்லுங்க... தெரியும், சொல்றதில்லைன்னு சொன்னீங்க. கேட்டேன்... பயப்படாதீங்க. வண்டிதானுங்க இது. தப்பாச் சொன்னாலும் ஒண்ணும் ஆயிராது. இரும்பு. சொல்லுங்க."

"..."

"நாஞ் சொல்றனில்ல. சொல்லுங்க மாமா."

அந்த ஒரு சொல் அவளை அறியாமல் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். வக்கீல் எழுதிய தாளில் அவனுக்கு முதலாம் மனுதாரர் என்றோ என்னவோ ஒரு பெயர் போட்டிருந்தார்கள். அது அவள் வாயில் நுழையவே இல்லை.

"சரி, ஸ்டார்ட் பண்றேன்... இருங்க... ஆச்சு. காலை எடுக்கவா? வேண்டாமா. அழுத்திட்டே இருக்கோணுமா, சரி... சோக்கா? இழுத்துட்டேன். பாதியா, முழுசா?... ம், முழுசா இழுத்துட்டேன்... இப்பக் காலை எடுக்கட்டுமா... அட, நிக்கிலீங்க. கரகரங்குது, ஆனா நிக்கில... ஆமாங்க, ஓடிட்டே இருக்குது... காத்தா? எங்கயோ காத்து இழுக்குதா. அப்பிடின்னா?... சரி, சரி, அப்பறமாச் சொல்லுங்க. எறங்கறேன்... பானெட்டத் தொறந்துட்டேன்... சொருகிட்டேன், முந்தானைய நல்லா இழுத்துச் சொருகிட்டேன், ஃபேன்கிட்டப் போகமாட்டேன்... ஆமா, தெரியும், ஆஃப் பண்ணுனாலும் சுத்தும்... என்னங்க?"

அவள் கை அப்படியே நின்றது.

போனை என்ஜின் பக்கத்தில் வைக்கச் சொல்கிறான்.

"இல்ல... இருங்க, இருங்க... முடியிலீங்க. சித்தெ இருங்க."

என்ஜின் ஆடிக்கொண்டே ஓடியது. அவள் போனைப் பிடித்த தன் கையைப் பார்த்தாள். இதே கைதான் அன்றைக்கும் பிடித்திருந்தது. பிள்ளையின் பனியனுக்கு மேலே போனை வைத்துக்கொண்டு, அவன் கேட்டு முடிக்கட்டும் என்று இவள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். வை என்று அவனும் இன்னொரு முறை சொல்லவில்லை. பத்து வண்டி போயிருக்கும். பிறகு அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, என்ஜினுக்கு மேலே நீட்டிப் பிடித்தாள். முகத்தை மட்டும் மலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கேட்டுச்சுங்களா?... ம்... ஆமாங்க, புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது, நானும் கேட்டேன்... கார்பரேட்டருக்குக் கீழயா? இந்தப் பக்கமா, அக்கட்டாலயா?... கறுப்பா, வெரல் தண்டி ட்யூபு ஒண்ணு போகுது, அதா?... இருங்க, துணியச் சுத்திக்கறேன், சுடுது... அதோட முனையில கட்ட வெரல வெச்சு அழுத்தறேன்... ஆமா. ஆமாங்க, சத்தம் மாறுது. புஸ்ஸுங்கறது நின்னுபோச்சு... வெடிச்சிருக்குது, பாத்துட்டேன், முனையில நீளவாக்குல வெடிச்சிருக்குது."

அவள் குரலில் ஒரு துள்ளல் வந்திருந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை.

"ஆஃப் பண்ணிட்டேன். புடுங்கவா?... வந்துருச்சு. உளுத்துப்போய்க் கெடக்குது மாமா, வெடிச்ச எடம் கையிலயே பிஞ்சு வருது... மிச்சம் நல்லாத்தான் இருக்குது. எட்டுமான்னு பாக்கறேன்... எட்டுது, எட்டுது. நல்லா உள்ள தள்ளிட்டேன். கிளிப்பு?... கிளிப்பும் மாட்டிட்டேன்... கைதான் கரி. பரவால்லீங்க, சீலையில ஆவுல... ஸ்டார்ட் பண்றேன். சோக்க உள்ள தள்ளிரவா? தள்ளிட்டேன்."

சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஓடியது. காலை மெல்ல மெல்ல மேலே எடுத்து, கடைசியில் காரின் தரையில் வைத்தாள்.

"எடுத்துட்டேங்க. காலை எடுத்துட்டேன்... நிக்கில."

என்ஜின் பழையபடி அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டமில்லை, கரகரப்பில்லை. அவள் போனைச் சீட்டில் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். ஒன்றரை வருஷம் யார் முன்னாலும் வராத அழுகை. அழுது முடித்துப் போனை எடுத்தபோது அவன் இன்னும் லைனில் இருந்தான்.

"ம்... இருக்கேன்... கேக்குது, சொல்லுங்க... வாய்தாவா?... வண்டி நின்னுபோச்சு, வர முடியிலன்னு நீங்களே சாருகிட்டச் சொல்லிருவீங்களா... சரி, சொல்லீர்றீங்க. ஜட்ஜும் வேற நாளு குடுத்துருவாரு. அப்பறம்?... அப்பறம் என்னங்க மாமா?"

அவன் நெடுநேரம் பேசினான். ராசிபுரத்துப் பட்டறை, அதன் பின்னாலேயே ஒரு வீடு, இனிமேல் எங்கும் போவதில்லை என்பது, எல்லாம் சொன்னான். அவள் கடைசி வரை கேட்டாள். அவன் சொல்வதெல்லாம் நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்படி ஒரு நாள் அவன் பேசமாட்டானா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள்.

"ஏனுங்க... நாஞ் சொல்றதச் சித்தெக் கேளுங்க. நீங்க சொன்னது சரிதானுங்க. அந்த ட்யூபுதான். சத்தத்தக் கேட்ட ஒடனே சொன்னீங்க, கை வெச்சா அதுதான் இருக்குது. நீங்க எப்பவுமே சரியாத்தான் சொல்லுவீங்க. ஒரே ஒருக்காத்தான் தப்பிப்போச்சு... இல்லீங்க, கோவமில்ல. பாப்பா மேல சத்தியமாக் கோவமில்ல. எனக்குப் பயமா இருக்குது மாமா. நீங்க தொட்டுப் பாருன்னா எங்கையி தானாப் போயித் தொடுது. நீங்க இழுன்னா இழுக்குது. நாளைக்கு நீங்க இன்னொண்ணு சொன்னீங்கன்னா மறுக்கா நம்பிருவேன். யோசிக்கவே மாட்டேன், நம்பிருவேன். அன்னைக்கு நம்புனது நாந்தானுங்க. உங்கள மன்னிச்சிருவேன். என்னைய என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியில... அழுவாதீங்க. கோர்ட்டுல அத்தன பேரு முன்னால நின்னுட்டு அழுவாதீங்க... கண்ணத் தொடைங்க..."

அவன் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. கோர்ட்டு டவாலி சத்தமாகக் கூப்பிடுகிறார். அவன் பெயர், அதைத் தொட்டாற்போல் அவள் பெயர். கல்யாணப் பத்திரிகையில் இருந்த அதே வரிசையில், இரண்டு பெயரும் சேர்த்து.

"கூப்புடறாங்க பாருங்க... நம்மளத்தான்... போங்க, உள்ள போங்க... என்ன சொல்லோணுமா?"

அவள் கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டாள்.

"வேண்டாங்க. நின்னுபோச்சுன்னு சொல்லாதீங்க. வண்டி நல்லா ஓடுது. அவ வந்துட்டிருக்கறான்னு சொல்லுங்க."

அறிவுச்செல்வி போனை அணைத்தாள்.